ஐம்பத்தொன்பதாவது கூட்டம்

இந்த வாரம் பொய் சொல்வதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவு செய்தது வியாழக்கிழமை காலை, பல் தேய்க்கும்போது. வாய் நிறைய நுரை இருக்கும்போது எடுக்கிற முடிவுகள் எல்லாம் உறுதியாகத்தான் தெரியும். கொப்பளித்ததும் பாதி போய்விடும்.

மீதிப் பாதியை அவர் மனைவி டீயோடு சேர்த்து ஆற்றிவிட்டாள்.

"என்னங்க, இந்த சனிக்கிழமை கமிட்டி மீட்டிங்கை நம்ம வீட்டுலயே வச்சுக்கலாம்னு இருக்கேன்."

டீ மூக்கில் ஏறியது.

"நம்ம வீட்டுலயா? மொட்டை மாடியில காத்தோட்டமா இருக்குமே."

"மழை வர்ற மாதிரி இருக்கு."

"உட்கார நாற்காலி இல்லையே."

"ஸ்கூல்லேருந்து பன்னிரண்டு மடக்கு நாற்காலி சொல்லிட்டேன்."

"தலைவருக்கு முட்டி வலி. பாவம், ரெண்டு மாடி ஏறணும்."

"வாரா வாரம் மொட்டை மாடிக்கு ஏறுறாரே. அதைவிட நம்ம வீடு ஒரு மாடி கம்மிதானே?"

கணக்கு டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டவர் மாடிக் கணக்கில் வாயைக் கொடுக்கக் கூடாது. இருபத்துநாலு வருஷமாகியும் அவருக்கு இது பழகவில்லை.

"எத்தனை பேருக்கு டீ போடணும்?"

"ஏழு பேர்."

"போன மாசம் ஒன்பதுன்னு சொன்னீங்க?"

"ரெண்டு பேர் ராஜினாமா."

"அடடா. யாரு?"

"அதை வெளியில சொல்லக் கூடாதுன்னு தீர்மானம்."

"சரியான தீர்மானம்" என்று சொல்லிவிட்டு அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனாள்.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள் உண்டு. ஓடாத லிஃப்ட் ஒன்று உண்டு. கமிட்டி மட்டும் கிடையாது. கடந்த பதினாலு மாதங்களாக ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் மொட்டை மாடியில் கூடி, விவாதித்து, தீர்மானம் போட்டுக் கலைந்த அந்தக் கமிட்டி கண்ணாடிக்கடைக்காரரின் சொந்தத் தயாரிப்பு. அதற்கு அவரே செயலாளர். ஐம்பத்தெட்டு கூட்டங்கள். ஒன்றுக்குக்கூட அவர் போனதில்லை.

அந்த நேரத்தில் அவர் டயர் கடைக்குப் பின்னால் இருந்தார்.

டயர் கடைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு. நாற்பது பேர் நின்றால் நிறைந்துவிடும். நாற்பத்தொன்றாவது ஆள் வந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட முடியாது. ஒரு ஓரத்தில் மரப்பலகைகளை அடுக்கி முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. அதன்மேல் அந்த ஊர்ப் பிள்ளைகள் ராக் வாசிப்பார்கள். பகலில் பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள் பாடுவாள். கூரியர் ஆபீஸ்காரன் கிடார். மருந்துக்கடையில் சீட்டுப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பெண் டிரம்ஸ். மூன்று பேரும் வீட்டில் பயிற்சி செய்தபோது அக்கம்பக்கத்தார் கத்தியதையே குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்: 'கதவைச் சாத்து'.

அவர் அங்கே போனதற்குக் காரணம் தொழில். சத்தியமாகத் தொழில்தான். மருந்துக்கடைப் பெண் ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாகக் கோணிப்போன கண்ணாடியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"ஏம்மா, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மல்யுத்தம் பண்றியா?"

"டிரம்ஸ் வாசிக்கிறேன் சார். நாலாவது பாட்டுல தலையை ஆட்டணும். பறந்துடுது."

"ஆட்டாம வாசியேன்."

"நேர்ல வந்து பாருங்க சார். அப்ப சொல்லுங்க."

நேரில் போனார். முதல் அடி விழுந்ததும் சட்டைப் பையிலிருந்த பேனா நடுங்கியது. இரண்டாவது அடிக்கு உள்ளே இருந்த ஆளும் நடுங்கினார். கை நீட்டினால் கிடார்காரனின் செருப்பைத் தொடலாம். பாடுகிறவள் மூச்சு இழுப்பது மைக் இல்லாமலே கேட்டது. வியர்வை யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொருத்தர் மூக்கிலும் சட்டத்தை மாட்டி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டே காலத்தை ஓட்டியவர் அவர். இங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. எல்லாம் தெளிவாக இருந்தது.

நாலாவது பாட்டில் கண்ணாடி பறந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

இதை வீட்டில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். எந்த முகத்தோடு சொல்வது? வெளியூரில் படிக்கிற மகள் வீட்டில் இருந்த காலத்தில் இதே இசையைக் கேட்டபோதெல்லாம், "இது பாட்டா? பாத்திரக்கடைக்குள்ள பெருச்சாளி புகுந்த மாதிரி இருக்கு. நிறுத்து" என்று ஐந்து வருஷம் இடைவிடாமல் முழங்கியவர் அவர். அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று, கிடார் வீட்டில் இருக்கக் கூடாது, கூடவே எடுத்துப் போ என்று வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தவரும் அவரே. இப்போது போய், அந்தப் பெருச்சாளியை வாராவாரம் முன்வரிசையில் நின்று பார்க்கிறேன் என்றால் மகள் ஆயுளுக்கும் விடமாட்டாள்.

ஆகவே கமிட்டி.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு வாரமும் மனைவி ஆசையாகக் கேட்பாள்: "இன்னைக்கு என்ன முடிவு பண்ணீங்க?" எதையாவது சொல்லியாக வேண்டும். கேட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது. மாடிப்படி பல்பு மாற்றுவது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமைகளில் மூன்று குழுக்கள் வாசிக்கும், வீடு திரும்பக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும், சட்டை வேறு தொப்பலாக நனைந்திருக்கும். அதற்காக அவர் கண்டுபிடித்ததுதான் முப்பத்தொன்றாவது தீர்மானம்: இரண்டாவது சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவப்படும், செயலாளர் தொட்டிக்குள் இறங்கி நிற்பார். அன்று அந்தத் தீர்மானத்தை நினைத்து அவர் தனியாகச் சிரித்துக்கொண்டார். நேரத்துக்கும் காரணம் ஆயிற்று, ஈரத்துக்கும் காரணம் ஆயிற்று.

மனைவி எல்லாவற்றையும் நம்பினாள். மூன்றாவது வாரத்திலிருந்தே, "மாடியில காத்து அடிக்கும், காதுல வச்சுக்கோங்க" என்று சட்டைப் பையில் இரண்டு உருண்டை பஞ்சு வைத்து அனுப்பினாள். ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கிறவருக்கு அந்தப் பஞ்சு ரொம்ப உபயோகமாக இருந்தது. எவ்வளவு வெள்ளை மனசு என்று அவருக்குக் கண் கலங்கும்.

பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார்கள். அங்கே டைம்டேபிள் போடுவது அவள்தான். எந்த ஆசிரியர் எந்த பீரியடில் எங்கே இருக்கிறார் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். பொய் சொல்லி லீவு கேட்கிறவர்களை அவள் ஒரு வார்த்தை திட்டியதில்லை. முழுசாக நம்பிவிடுவாள். அதுதான் அவள் வழி. ஒரு டிராயிங் மாஸ்டர் வயிற்று வலி என்று கிரிக்கெட் பார்க்கப் போனார். அவள் பதறிப்போய் நாலு ஆசிரியர்களை வேனில் அனுப்பி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இல்லாத வலிக்கு இரண்டு நாள் படுத்திருந்தார். அதற்கப்புறம் அவருக்கு உண்மையாகவே வலி வந்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கதையைக் கண்ணாடிக்கடைக்காரரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதே மனைவிதான். அவரும் சிரித்தார். தன்னைப் பற்றியது என்று தோன்றவில்லை.

சரி, இந்த வாரம் மட்டும் ஏன் உண்மை பேசும் ஆசை? பதினாலு மாதத்தில் அந்த டிரம்ஸ் பெண்ணுக்காக அவர் ஐந்து கண்ணாடிகள் செய்து பார்த்துவிட்டார். ஐந்தும் நாலாவது பாட்டில் பறந்தன. ஆறாவதை இரண்டு மாதம் உட்கார்ந்து செய்தார். காதுக்குப் பின்னால் முழுதாக வளைந்து பிடிக்கிற கம்பி. மூக்கில் வியர்வை வழுக்காத மெத்தை. லென்ஸின் எடையைப் பாதியாகக் குறைத்தார். தொழிலில் இத்தனை வருஷத்தில் இதைப் போல ஒன்று செய்ததில்லை. வரும் சனிக்கிழமை அதற்கு முதல் பரீட்சை. அது நிற்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். நின்றால் ஓடிவந்து மனைவியிடம் சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லாத சந்தோஷம் வாயில் போட்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருக்கிறது.

இப்போது அந்தச் சனிக்கிழமையில்தான் பன்னிரண்டு மடக்கு நாற்காலி வந்து நிற்கப்போகிறது.

கடையைத் திறக்கும் முன்பே கீழ்வீட்டுக்கு ஓடினார். அங்கே இருப்பவர் மெத்தை வியாபாரி. ஐந்து வருஷத்துக்கு முன்பு லிஃப்ட் நின்றபோது "நான் பாத்துக்கறேன்" என்று சொன்னார். அன்றிலிருந்து தலைவர்.

"தலைவரே, நம்ம கமிட்டி கடைசியா எப்பக் கூடிச்சு?"

"லிஃப்ட் நின்னுச்சே, அன்னைக்கு. நானு, நீங்க, முதல் மாடி வக்கீலம்மா. உள்ள மாட்டிக்கிட்டு நாப்பது நிமிஷம். அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான். சனிக்கிழமை எங்க வீட்டுல மீட்டிங்னு யாராவது சொன்னா வராதீங்க."

"அதெப்படி சார் வராம இருக்கிறது? உங்க வீட்டம்மா நேத்தே வந்து கூப்பிட்டுட்டாங்க. 'நீங்க வாராவாரம் கூட்டத்தை எவ்வளவு அழகா நடத்துறீங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லாத நாளே இல்ல'ன்னாங்க."

"'நான் எங்க நடத்தினேன்?'னு நீங்க கேக்கலையா?"

தலைவர் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டார். "இத்தனை வருஷத்துல என்னை ஒருத்தர் பாராட்டினது அதுதான் முதல் தடவை சார். எப்படி இல்லேங்கறது?"

சனிக்கிழமை நாலரை மணி. பதினோரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். டீ போயிற்று. பிஸ்கட் போயிற்று. மனைவி டைம்டேபிள் நோட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இது நம்ம ஐம்பத்தொன்பதாவது கூட்டம்."

அறையில் பன்னிரண்டு முகமும் ஒரே மாதிரி விழித்தன.

"இதுவரைக்கும் நீங்க எல்லாரும் சேந்து போட்ட தீர்மானத்தை எங்க வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல நான் எழுதி வச்சிருக்கேன். படிக்கட்டுமா?"

செயலாளர் வாசல் பக்கம் பார்த்தார். இப்போது ஒருத்தர் எழுந்து, "எந்தக் கூட்டம்மா?" என்று கேட்டால் தீர்ந்தது.

ஒருத்தரும் கேட்கவில்லை.

அங்கேதான் அவர் மனித சுபாவத்தைக் குறைத்து எடை போட்டிருந்தார். ஐம்பத்தெட்டு கூட்டம் நடந்திருக்கிறது, தன்னை மட்டும் கூப்பிடவில்லை என்று ஒவ்வொருத்தரும் நினைத்தார்கள். அதைப் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

"மூணாவது தீர்மானம். கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட்."

"ஆமாமா" என்றார் எதிர்வீட்டு இன்சூரன்ஸ்காரர். "நான்தானே முன்மொழிஞ்சேன்."

"பச்சை வேணாம்னு நான் அன்னைக்கே எதிர்ப்புத் தெரிவிச்சேன்" என்றார் வக்கீலம்மா. "அது குறிப்புல இருக்கா?"

"இல்லையே, சேத்துடறேன்" என்று மனைவி எழுதிக்கொண்டாள்.

"அன்னைக்கு மாடியில என்ன காத்து!" என்றார் தலைவர்.

பதினேழாவது தீர்மானத்துக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். இருபத்திரண்டாவதில் இரண்டு பேருக்குச் சண்டையே வந்தது, வழிமொழிந்தது யார் என்று. நடக்காத கூட்டத்தில் தான் பேசிய பேச்சை நினைத்து இன்சூரன்ஸ்காரருக்குக் குரல் தழுதழுத்தது.

கண்ணாடிக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து பத்து. ஐந்தரைக்கு முதல் பாட்டு.

"இதுல ஒரு விசேஷம் கவனிச்சீங்களா?" என்றாள் மனைவி. "ஒவ்வொரு தீர்மானத்துலயும் 'செயலாளர் பொறுப்பு'ன்னு இருக்கு."

வீட்டில் கொஞ்சம் மதிப்பாக இருக்கட்டுமே என்று அந்த இரண்டு வார்த்தையை வாராவாரம் சேர்த்துச் சொன்னது அவர்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஆனா இதுவரைக்கும் ஒண்ணுகூட நடக்கல" என்றார் வக்கீலம்மா.

"நடத்திடுவார். இருபத்து மூணாவது தீர்மானம்..."

ஐந்து பதினாறு. "அம்மா, தாயே!" என்று செயலாளர் எழுந்தே விட்டார். "ஒண்ணு ஒண்ணா எதுக்கு? மொத்தத்தையும் ஏத்துக்கறேன்!"

"மொத்தத்தையுமா?"

"ஐம்பத்தெட்டையும்!"

"அப்ப இதுல ஒரு கையெழுத்து."

போட்டார். படிக்காமல் போட்டார். "பெயிண்ட் கடை மூடறதுக்குள்ள போய் விலை விசாரிச்சுட்டு வந்துடறேன்" என்று செருப்பைத் தேடினார். மனைவி வாசல்வரை வந்து சட்டைப் பையில் பஞ்சு வைத்தாள்.

"கடையில சத்தமா இருக்கும். வச்சுக்கோங்க."

பெயிண்ட் கடையில் என்ன சத்தம் என்று யோசிக்க நேரமில்லை. ஓடினார்.

கிடங்கு வாசலில் எப்போதும்போல ஆட்களை உள்ளே விடுகிற இளம்பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வெளியே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களை அடையாளம் தெரியவேண்டும் என்பதற்காக, வருகிற எல்லோருக்கும் மணிக்கட்டில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்துவாள். எங்கேயோ கிடைத்த பழைய ஸ்டாம்ப், ஊதா மை, 'நன்று' என்று வட்டத்துக்குள் இருக்கும். வீடு திரும்புமுன் அவர் அதைக் கண்ணாடி துடைக்கிற மருந்தால் துடைத்துவிடுவார்.

"சார் இன்னைக்கு லேட்டு. கையைக் காட்டுங்க."

இருட்டில் கையை நீட்டினார். குத்தினாள். இந்த முறை கொஞ்சம் பலமாக அழுத்தினாள். கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருந்தது.

உள்ளே மூன்றாவது பாட்டு முடிந்துகொண்டிருந்தது. கூட்டத்தை விலக்கி முன்னால் போனார். டிரம்ஸ் பெண் ஆறாவது கண்ணாடியைப் போட்டிருந்தாள். நாலாவது பாட்டு தொடங்கியது. தலை மெதுவாக ஆடியது. பிறகு வேகமாக. பிறகு கழுத்திலிருந்து கழன்றுவிடும் என்று பயப்படும்படி. தலைமுடி பறந்தது. வியர்வை பறந்தது. ஒரு குச்சி உடைந்து பறந்தது. கண்ணாடி பறக்கவில்லை. அவர் மூச்சை விட்டது பாட்டு முடிந்தபிறகுதான். அந்தப் பெண் மிச்சமிருந்த குச்சியை உயர்த்தி அவரைக் காட்டினாள். நாற்பது பேரும் திரும்பிக் கை தட்டினார்கள். எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. இவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஏழரைக்குத் தெருமுனையில் நின்று மணிக்கட்டில் மருந்தை ஊற்றித் துடைத்தார். போகவில்லை. இன்னும் கொஞ்சம். தோல் சிவந்தது, மை அசையவில்லை. மாடிப்படிக்கு வந்தார். மாற்ற வேண்டிய பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கிப் படித்தார்.

'வீட்டுப்பாடம் முடிக்கவில்லை. பெற்றோர் கையொப்பத்துடன் வரவும்.'

மனைவி கடைசி மடக்கு நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"பெயிண்ட் என்ன விலை சொன்னான்?"

அவர் கையை நீட்டினார்.

"மை நல்லா இருக்கு" என்றாள். "புதுசா வாங்கினது. உங்க மருந்துக்கெல்லாம் போகாது."

"இது..."

"எங்க ஸ்கூல் ஸ்டாம்ப். 'நன்று'ம் எங்களுதுதான். புதுசு வந்ததும் பழசைத் தூக்கிப் போட இருந்தோம். வாசல்ல குத்துறாளே, அவ எடுத்துட்டுப் போனா. பத்தாவது பி. என்கிட்ட படிச்சவ."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் வாரமே. நீங்க அரைகுறையா துடைச்சுட்டு வந்து, கமிட்டியில என்னை செயலாளர் ஆக்கிட்டாங்கன்னு கத்தினீங்க."

"நான் எங்க கத்தினேன்?"

"காது அடைச்சுப் போயிருந்துச்சு உங்களுக்கு. மூணு மாடிக்குக் கேட்டுது. ரெண்டு வாரம் பாத்தேன். அப்புறம்தான் பஞ்சு வச்சேன்."

அவர் உட்கார மடக்காத நாற்காலி ஒன்றைத் தேடினார். அப்படி ஒன்று இல்லை. தரையில் உட்கார்ந்தார்.

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஐம்பத்தெட்டு வாரம் டைம் குடுத்தேன். எந்தப் பிள்ளைக்கும் அவ்வளவு குடுத்ததில்ல." பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அதை விடுங்க. நாலாவது பாட்டுல நின்னுச்சா?"

"அது எப்படி உனக்கு..."

"ரெண்டு மாசமா சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல கம்பியை வச்சு வளைச்சுக்கிட்டு இருந்தீங்க. அவகிட்ட கேட்டேன், சொன்னா. நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு" என்றார். "தலை கழண்டிருந்தாலும் அது கழண்டிருக்காது."

"எனக்குத் தெரியும் நிக்கும்னு."

விட்டால் அழுதுவிடுவார் போலிருந்தது. பதினாலு மாதச் சந்தோஷத்தை ஒரே மூச்சில் கொட்டினார். பலகை மேடை, கிடார்காரனின் செருப்பு, உடைந்த குச்சி, நாற்பது பேர் கைதட்டல். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பொண்ணுக்குத் தெரிய வேணாம்" என்று கடைசியில் கெஞ்சினார்.

"அவளுக்கு எப்பவோ தெரியும். பெருச்சாளி எப்படி இருக்குன்னு வாராவாரம் போன்ல கேப்பா. வர்ற வெள்ளிக்கிழமை ஊருக்கு வர்றா. சனிக்கிழமை மூணு குழு வாசிக்குதாமே? ரெண்டு டிக்கெட் எடுத்து வச்சிருக்கேன்."

அவர் முகம் மலர்ந்தது. "நீயும் நானுமா?"

"நானும் பொண்ணும்."

"அப்ப நான்?"

அவள் நோட்டைப் பிரித்து, அவர் கையெழுத்துக்கு மேலே முப்பத்தொன்றாவது தீர்மானத்தில் விரலை வைத்தாள்.

"அன்னைக்கு ரெண்டாவது சனிக்கிழமைங்க. நீங்க தொட்டிக்குள்ள இருப்பீங்க."